மூன்று புள்ளி வைத்த ரேம்

லேப்டாப் பழுது பார்க்கிறவர்கள் மத்தியில் அவளைப் புள்ளி என்றால்தான் தெரியும். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்திலும் நகப்பூச்சால் ஓர் அடையாளம் வைத்துவிட்டுத்தான் அடுத்த ஸ்குரூவில் கை வைப்பாள். ஒரே மேசையில் நாலைந்து மெஷின்கள் வயிறு திறந்து கிடக்கும்போது எது எதனுடையது என்று குழம்பக் கூடாது என்பதற்காக அவளாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. ஒன்றுக்கு ஓரத்தில் ஒற்றைப் புள்ளி, இன்னொன்றுக்குப் புள்ளியும் கோடும். ஒரு மெஷினுக்கு வைத்த அடையாளத்தை இன்னொன்றுக்கு வைக்க மாட்டாள். பெரிய கடையில் வேலை பார்த்த காலத்தில் அவள் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், "பெரும்புள்ளி வந்துட்டாங்க, எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய் உட்காருவாள்.

அந்தக் கடையில்தான் அவள் பேர் கெட்டது.

கணக்கு டீச்சர் ஒருவர் தன் லேப்டாப்பைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். இவள்தான் பிரித்தாள், துடைத்தாள், மூடினாள். வீட்டுக்குப் போனபின் அது நத்தையாக ஊர்ந்தது. டீச்சர் வேறு இடத்தில் காட்டியபோது, இரண்டு ரேம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. டீச்சர் வந்து கூச்சல் போட்டார். முதலாளி யோசிக்கவே இல்லை, புள்ளியைக் கை காட்டினார். அவள் பையைப் பிடுங்கி, வாடிக்கையாளர்கள் பார்க்க, கண்ணாடிக் கவுன்ட்டர் மேல் தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, சாப்பாட்டு டப்பா, கைக்குட்டை, நகப்பூச்சு பாட்டில். அவ்வளவுதான். அந்த ரேமில் தன் அடையாளமாக மூன்று சிவப்புப் புள்ளி இருக்கும், தேடிப் பாருங்கள் என்று அவள் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. முதலாளி பாட்டிலை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"மினுக்குறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்றார்.

நாலு பேர் சிரித்தார்கள். பின் மேசையில் ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் வேலை பார்க்கிற அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதன் பிறகு எந்தக் கடைப் படி ஏறினாலும், 'கை நீளம்' என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பேப்பர் கட்டுகளை நகர்த்திவிட்டுக் கடையின் பின்பாதியைத் தங்கைக்குக் கொடுத்தாள். அந்தப் பேச்சு எட்டாத சிலர் வந்தார்கள், பிழைப்பு ஓடியது. ஆனால் அந்தக் கவுன்ட்டரை அவள் மறக்கவில்லை. முதலாளி சொன்ன அந்த ஒற்றை வரியை, திருப்பிக் கொடுக்கப் பத்திரப்படுத்திய பாத்திரம் போல, மனசுக்குள் துலக்கித் துலக்கி வைத்திருந்தாள்.

ஒரு நாள் ஓர் இளைஞன் லேப்டாப்போடு வந்தான். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து மறுபடி கிளம்புகிறது என்றான். அவனாகவே சிரித்தான்.

"எங்க மாமாவே பெரிய கடைதான் வெச்சிருக்காரு. வீட்டு லேப்டாப்பை மட்டும் தொட மாட்டாரு. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே எங்கக்காவைக் கொல்றாரு. அவருக்குத் தெரியாம எங்கயாவது குடுத்துட்டு வாடான்னு அக்கா அனுப்புச்சு."

எந்தக் கடை என்று புள்ளியின் அக்கா கேட்டாள். அவன் சொன்னான். ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினை அக்கா நிறுத்தினாள்.

அவன் போனதும் புள்ளி மெஷினை மின்சாரத்தில் செருகிப் பார்த்தாள். விட்டு விட்டு பீப் சத்தம். சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி மாட்டினால் அதே பீப். ரேம் சரியாக உட்காரவில்லையோ என்று முதல் தகட்டை உருவினாள். சுத்தமாக இருந்தது. இரண்டாவதை உருவினாள்.

ஓரத்தில், முக்கோணமாக மூன்று சிவப்புப் புள்ளிகள்.

அக்காவைக் கூப்பிட்டாள். தகட்டை வெளிச்சத்தில் காட்டினாள். அக்கா பார்த்தாள். சொல்லத் தேவையில்லாமல் புரிந்துகொண்டாள்.

அதன் பிறகும் அவள் வேலையைப் பாதியில் விடவில்லை. தகட்டின் முனைகளை ரப்பரால் தேய்த்தாள், இடம் மாற்றிப் போட்டாள், அதை மட்டும் தனியாகப் போட்டாள். பீப். அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் மெஷின் சமர்த்தாகக் கிளம்பியது. திருடிப் போட்ட ரேம்தான் செத்துப்போயிருந்தது. திரையில் முதலாளி குடும்பத்துக்கு நடுவில் நின்று சிரித்தார்.

"எல்லாத்தையும் அழிச்சு விடுடி. ஒரு போட்டோ மிஞ்சக் கூடாது" என்றாள் அக்கா.

"அழிச்சா, நான் திருடின்னு அவன் அன்னிக்குச் சொன்னது நிஜமாயிடும்க்கா. எனக்கு அவன் போட்டோ வேணாம். அந்தக் கவுன்ட்டர்தான் வேணும்."

மறுநாள் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். டீச்சர் முகம் சுளித்தார். இவள் சண்டைக்கு நிற்காமல், லேப்டாப்பின் அடிமூடியை ஒரு முறை கழற்றிப் பார்க்க மட்டும் விடுங்கள் என்றாள். வாசலிலேயே உட்கார்ந்து கழற்றினாள். உள்ளே தனியாகக் கிடந்த ரேமில் அதே மூன்று புள்ளிகள். கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த ஜோடியை அதன் பக்கத்தில் வைத்து, அது எங்கே கிடைத்தது என்று சொன்னாள். டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நட" என்றார்.

பெரிய கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். முதலாளி இவளைப் பார்த்ததும் உற்சாகமானார்.

"என்ன புள்ளி, வேலை கேட்டு வந்தியா?"

"வேலையை முடிச்சுக் குடுக்க வந்தேன்" என்று அவர் வீட்டு லேப்டாப்பைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கை நீட்டுவதற்குள் டீச்சர் தன் லேப்டாப்பை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு கையையும் மேலே ஊன்றிக்கொண்டு நின்றார்.

புள்ளி அவசரப்படவில்லை. மூன்று புள்ளித் தகட்டை மாட்டி மெஷினைப் போட்டாள். பீப் சத்தம் கேட்டு, நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள். அதை உருவிவிட்டுப் போட்டாள், கிளம்பியது. பிறகு டீச்சர் மெஷினிலிருந்த ஜோடியை எடுத்து இரண்டையும் கண்ணாடி மேல் சேர்த்து வைத்தாள். ஒன்று டீச்சர் மெஷினில் இருந்தது, இன்னொன்று முதலாளி வீட்டு மெஷினில் இருந்தது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கடைன்னா பத்து சாமான் மாறத்தான் செய்யும்" என்றார் முதலாளி.

பின் மேசையிலிருந்து சால்ட்ரிங் அண்ணன் எழுந்து வந்தார். "மூணு புள்ளி டீச்சரோடதுதான். மாறல. இவ மூடி வெச்சப்புறம் நீங்க திறந்து உருவி சட்டைப்பையில போட்டதை நான் பார்த்தேன். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

புள்ளி, முதலாளி அக்குளில் இடுக்கியிருந்த கைப்பையைக் காட்டினாள்.

"அதைக் கொட்டுங்க."

"என்னது?"

"அன்னிக்கு என் பையைக் கொட்டினீங்கல்ல, இதே இடத்துல. இப்ப உங்க பையைக் கொட்டுங்க."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு ஒரு முகம் இல்லை. "கொட்டுறீங்களா, இல்ல போலீஸைக் கூப்பிடவா?" என்று டீச்சர் வகுப்புக் குரலில் கேட்டார். முதலாளி ஜிப்பைத் திறந்து கவிழ்த்தார். சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, சீப்பு. கடைசியாக ஒரு சின்னக் குப்பி உருண்டு வந்து கவுன்ட்டர் விளிம்பில் நின்றது. தலைக்கு அடிக்கிற கறுப்புச் சாயம்.

புள்ளி அதை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"மினுக்குறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

இந்த முறை நாலு பேர் அல்ல, கடையே சிரித்தது. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டு முடிக்கும்வரை அவள் நகரவில்லை. அதன் பிறகுதான் அவர் மெஷினின் அடிமூடியைப் போட்டு, ஒரு ஸ்குரூ குறையாமல் முடுக்கி, அவர் பக்கம் தள்ளிவிட்டாள். செத்த ரேமை டீச்சர் எடுத்துக்கொண்டார். வேலைக்கு ஆகாது என்று இவள் சொல்லியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார்.

அன்று ஜெராக்ஸ் கடையை மூடும்வரை அக்கா நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்தக் குப்பி உருண்ட இடம் வரும்போதெல்லாம், அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவள் போலச் சிரித்தாள்.

சில நாள் கழித்து சால்ட்ரிங் அண்ணன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். அங்கே வேலையை விட்டுவிட்டாராம். இவளிடம் இப்போது வேலை குவிகிறதாமே, கூட ஒரு மேசை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்றைக்கு உனக்காகப் பேசினேனே என்பதையும் சேர்த்துக்கொண்டார். அக்கா எழுந்து ஸ்டூலை இழுத்துப் போடப் போனாள். புள்ளி அதைக் காலால் தன் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"அன்னிக்கே தெரியும்னீங்களே அண்ணே" என்றாள், கையிலிருந்த தகட்டில் அடையாளம் வைத்துக்கொண்டே. "நான் கவுன்ட்டர்ல கிடந்ததைப் பொறுக்கும்போதே தெரியும். தெரிஞ்சும் குனிஞ்ச தலை நிமிரல. இங்க உங்களுக்கு உக்கார இடமில்ல, நின்னுட்டுப் போங்க."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நகப்பூச்சு காயட்டும் என்று அவள் தகட்டை ஊதிக்கொண்டிருந்தாள்.