பிரேத வானின் விக்கல்

மாமனார் நேசையாவின் பெட்டியை ஏற்றிக்கொண்டு யாகப்புவின் பிரேத வான் மானிப்பாய் வீதியில் இறங்கிய அன்றுதான் அந்த எஞ்சினின் குறையை நதானியேல் முதல் தடவையாகக் கவனித்தார். நடை வேகத்தில் போகவேண்டிய வண்டி, தூக்கத்தில் திடுக்கிட்டதுபோல உறுமி முன்னே பாயும். அடுத்த கணம் சோர்ந்து நிற்கப் பார்க்கும். பிறகும் பாயும். பெட்டிக்கு மேலே வைத்த மலர்வளையம் ஒன்று கண்ணாடிப் பக்கம் சரிந்து விழுந்தது. பின்னால் நடந்த தேவாலயப் பாடகர் குழு, வான் நின்றால் தானும் நின்று, பாய்ந்தால் எட்டி நடந்து, ஒவ்வோர் அடியின் முடிவிலும் அது என்ன செய்யப்போகிறதென்று காத்திருந்து, ஒருபடியாக அடக்கம் செய்யும் சேமக்காலைக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் குழுவில் ஆல்ட்டோ பாடியவர்களில் ஒருத்தி இறந்தவரின் மூத்த மகள் வினிபிரட், நதானியேலின் மனைவி. வீட்டுக்கு வந்து முகம் கழுவித் துடைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாவை விக்க விக்கக் கொண்டுபோட்டினமப்பா" என்பதுதான்.

நதானியேல் டீசல் பம்பும் நொசிலும் பார்க்கிறவர். வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைதான் கராஜ். உரும்பிராய்த் தோட்டக்காரரின் தண்ணீர் எஞ்சின், உழவு இயந்திரம், லொறி, வான் எல்லாம் அங்கே வந்து நிற்கும். பிள்ளைகள் இல்லை. அவர் கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பார். அவள் குசினியில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பாடிப் பழகுவாள். எஞ்சின் சத்தம் கூடினால் அவளும் குரலைக் கூட்டுவாள். டீசல் மணக்க அவர் சாப்பிட வந்தால், "சவுக்காரம் கிணத்தடியிலை கிடக்கு, கோப்பை இஞ்சை கிடக்கு. எது முதல் எண்டு நான் சொல்லத் தேவையில்லை" என்பாள். இப்படியே காலம் போயிருந்தது.

நேசையா இறந்து ஒரு வருஷமாகி, ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு வினிபிரட்டின் வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டிப் பார்த்தார்கள், மூடினார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் ஆளுக்கும் நல்லது என்று டொக்டர் தணிந்த குரலில் சொன்னார். நதானியேல் கட்டிலைக் கழற்றி, முன்னறை யன்னலோடு போட்டுப் பூட்டினார். அங்கேயிருந்து பார்த்தால் முற்றமும் கொட்டகையும் தெரியும்.

ஒரு காலை, அவர் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, என்னை எந்த வானிலை கொண்டுபோவியள்?"

"என்ன கதை கதைக்கிறீர்."

"கதைக்கத்தானே வேணும். யாகப்பு அண்ணையின்ரைதான் வரும். வேறை ஆரிட்டை இருக்கு?"

அவர் அவளுடைய நாடியில் வடிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டார். அவள் துணியை ஒதுக்கினாள்.

"எங்கடை ஆக்கள் பின்னாலை பாடிக்கொண்டு வருவினம். அப்பாவுக்குப் பாடினமாதிரி வெட்டி வெட்டிப் பாட விடாதையுங்கோ. ஊரிலை இருக்கிற எஞ்சின் எல்லாம் பாக்கிறியள். உந்த வானின்ரை விக்கலையும் ஒருக்கா நிப்பாட்டுங்கோவன்."

நதானியேல் எழுந்தார். கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தேவைக்கு மேலே தேய்த்துக் கழுவினார்.

யாகப்புவுக்குச் சந்தியில் சவப்பெட்டிக் கடை. செத்தவீட்டுத் தொழிலென்றாலும் ஆள் பகிடிக்காரர்.

"வானை ஒருக்காத் தாறியளே அண்ணை? பாக்கோணும்."

"உன்னட்டைத் தந்திட்டு, இடையிலை செத்தவனை நான் சைக்கிள் கரியரிலையோ கொண்டுபோறது?"

"விக்குதண்ணை."

"விக்கினா என்ன? உள்ளுக்கை கிடக்கிற ஆள் இண்டுவரைக்கும் முறைப்பாடு சொன்னதில்லை." சிரித்த யாகப்பு நதானியேலின் முகத்தைப் பார்த்தார். வினிபிரட்டின் செய்தி அவருக்கும் தெரியும். சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு, ஆணியில் தொங்கிய வானின் திறப்பை எடுத்து நீட்டினார். "கொண்டுபோ தம்பி. செத்தவீடு வந்தா போன் அடிப்பன், உடனை கொண்டந்து தரவேணும்."

அந்த வானுக்கு முன்சீற்றைத் தூக்கினால் எஞ்சின். வழமையாக இப்படி இழுபட்டால், பம்புக்குள் போகிற டீசலை அளந்து விடும் வால்வு பிசகியிருக்கும். நதானியேல் அதைக் கழற்றிக் கழுவிப் பார்த்தார். பிறகு உடைந்த வான் ஒன்றிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். எஞ்சினை ஓடவிட்டு, யன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னும் விக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் சந்தேகமில்லாத குரல். "முந்தி நாலு தட்டுக்கு ஒருக்கா. இப்ப அஞ்சுக்கு ஒருக்கா."

"உமக்குத் தாளம் கேக்குதோ உதிலை?"

"கேக்காமல்? உங்கடை எஞ்சினுகளைக் கேட்டுத்தானே என்ரை சுருதி கெட்டது."

அன்று பின்னேரம் வினிபிரட்டின் தங்கை ஷாமினி இணுவிலிலிருந்து சூப் கொண்டு ஸ்கூட்டரில் வந்தாள். படலை திறந்தவள் திறந்தபடியே நின்றாள்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ? அக்கா கிடக்கிற யன்னலுக்கு நேரை பிரேத வானைக் கொண்டந்து விட்டிருக்கிறியள். ஆள் போகமுன்னம் வண்டி வந்திட்டுதெண்டு முன்வீட்டிலை கதைக்கினம்."

நதானியேல் வானை எடுத்துப் பின் ஒழுங்கையில் கிளுவை வேலியோடு விட்டார். ஷாமினி யன்னல் சீலையை இழுத்து மூடினாள்.

"சீலையைத் திற. வான் எங்கை?" என்றாள் வினிபிரட்.

"பின்னாலை விட்டிருக்கு அக்கா. உங்களுக்கு ஏன் இப்ப உது?"

"எனக்குக் கேக்கோணும். நான் கேட்டுச் சரியெண்டு சொன்னாத்தான் சரி. கதைக்கிறவை கதைக்கட்டும், அவையே அதிலை ஏறிப் போகப்போகினம்?"

ஷாமினி குசினிக்குள் போய்ச் சூப்பை வடித்தாள். வடித்ததைத் திரும்பவும் வடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பின் ஒழுங்கைக்கு வந்தாள். "கொண்டந்து விடுங்கோ அத்தான். ஆனா வேலை செய்யாத நேரம் ஒரு துணியாலை மூடுங்கோ." அப்படித்தான் அந்தக் கறுப்பு வான் வினிபிரட்டின் பெரிய மஞ்சள் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் நின்றது. வினிபிரட்டுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நோகும் என்பதால் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இடையில் ஒரு செத்தவீட்டுக்கு வான் போய்த் திரும்பியது. அடுத்ததாக நதானியேல் ரெயிலைத் திறந்தார். பம்ப் நெருக்கித் தள்ளும் டீசல் எல்லா நொசிலுக்கும் பிரியும் தடித்த இரும்புக் குழாய்தான் ரெயில். அதிலிருந்து ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் வாயில் சின்னதாய் ஒரு டாம்பர் இருக்க வேண்டும்: ஊசித் துளை, அதற்குள் ஒரு குட்டிப் பிஸ்ரன், ஒரு சுருள் கம்பி. இந்த வானில் நாலு வாயும் வெறும் வாய்.

அவர் யன்னலடிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டன். தண்ணிப் பைப்பைச் சடாரெண்டு பூட்டினால் சுவருக்குள்ளை குழாய் தடக்கெண்டு அடிக்குமெல்லே? அதுதான். நொசில் திறந்து மூடுற ஒவ்வொருக்காலும் டீசல் திரும்பி அடிக்கும். அந்த அடியை வாங்கி அமத்திறதுக்கெண்டு வைச்ச சாமானை ஆரோ கழட்டிப்போட்டான். அமுக்கம் ஏறி இறங்க, அதைப் பாக்கிற கொம்பியூட்டர் பதறிப்போய்க் கூட்டிக் குறைச்சுக்கொண்டு நிக்குது."

"பைப்பை மெள்ளப் பூட்டுங்கோ எண்டு இவ்வளவு காலமும் நான் உங்களுக்குச் சொன்னது உதைத்தானே" என்றாள் அவள்.

போனில் கேட்டபோது யாகப்பு பழைய கதையைச் சொன்னார். "டீசலுக்கு வரிசையிலை நிண்ட காலம் தம்பி. மண்ணெண்ணெய் கலந்துதான் ஓடினது. ஒருநாள் பெட்டியோடை நடுறோட்டிலை நிண்டுபோச்சு, சனம் தள்ளிக்கொண்டு போனது. ஒருத்தன் பாத்திட்டு, உதுக்குள்ளைதான் அடைக்குதெண்டு கழட்டி எறிஞ்சான். அதுக்குப் பிறகு ஒருநாளும் நிக்கேல்லை."

"நிக்கேல்லைத்தான். விக்கத் தொடங்கிட்டுது."

டாம்பர் யாழ்ப்பாணத்தில் எங்கும் இல்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் ஒருவர், தேடிப் பார்த்து பஸ்ஸில் பார்சல் போடுவதாகச் சொன்னார். அதற்குள் இன்னும் இரண்டு செத்தவீடு வந்தது. நதானியேல் கழற்றியதைப் பூட்டி வானைக் கொடுப்பதும், திரும்ப வந்ததும் விரிப்பால் மூடுவதுமாக இருந்தார். வினிபிரட் கஞ்சியை விட்டாள், பிறகு சூப்பை விட்டாள். நோவுக்குக் கொடுக்கும் பாணி மருந்து அவளை நாளில் பெரும்பகுதி தூங்க வைத்தது. விழித்தால், "சாமான் வந்திட்டுதே?" என்பாள். ஷாமினி இப்போது வீட்டுக்குப் போவதில்லை.

பார்சல் வந்து கிடப்பதாக பஸ் நடத்துனர் போன் அடித்த காலை, நதானியேல் கட்டிலடியில் அவளுடைய கால்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வினிபிரட் கண்ணைத் திறந்தாள்.

"எங்கை?"

"பஸ் ஸ்ராண்டுக்கு. சாமான் வந்திட்டுது."

"கொஞ்சம் இருங்கோவன்."

"ஓடிப்போய் எடுத்துக்கொண்டு இந்தா வாறன்."

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். போகும்போதும் வரும்போதும் அவருக்கு ஒரே எண்ணம்தான்: இண்டைக்குப் பூட்டி முடித்தால், இண்டைக்கே அவள் கேட்டுவிடலாம்.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தபோது அவள் உறக்கத்தில் இருந்தாள். ஷாமினி பக்கத்தில் கதிரை போட்டு, தமக்கையின் கையைப் பிடித்தபடி இருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று அவர் நேரே வானடிக்குப் போனார். நாலு டாம்பரையும் மண்ணெண்ணெயில் அலசி, ஒவ்வொன்றாகப் பூட்டி, குழாய்களை இறுக்கி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றினார். திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பற்றிக்கொண்டது. ஒருமுறை தடுமாறிற்று, பிறகு நிதானமாகிவிட்டது. சோதிக்கும் கருவியில் ரெயிலின் அமுக்கம் காட்டும் கோடு, மேசை விளிம்பைப்போல நேராக ஓடியது. அவர் முன்சீற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நடுக்கமில்லை. அடுப்பில் கொதி தணிந்த பானைபோல ஒரே சீரான முனகல்.

யன்னலைப் பார்த்தார். அவள் எழும்பியதும் கேட்கட்டும் என்று எஞ்சினை ஓடவே விட்டார். நிழல் கொட்டகைத் தூணைத் தாண்டும்வரைக்கும் அது ஓடியது, ஒருமுறைகூட விக்கவில்லை.

"வினி" என்று கடைசியில் கூப்பிட்டார். "கேக்குதே உமக்கு?"

யன்னல் சீலை அசைந்தது. ஷாமினி நின்றாள்.

"அத்தான், எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

"ஏன், நித்திரையோ?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவர் திறப்பைத் திருப்பினார். சத்தம் நின்றபோது முற்றத்தில் காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்ததும், அது நெடுநேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஷாமினி சீலையை விட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். அவர் டீசல் கையோடு உள்ளே போனார். கட்டிலடிக்குப் போனவர் திரும்பிக் கிணற்றடிக்கு வந்து, சவுக்காரம் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் அவளைத் தொட்டார்.

அடக்கத்துக்கு யாகப்புவே வானை ஓட்ட வந்தார். கழுவித் துடைத்து, கண்ணாடி பளபளக்கக் கொண்டுவந்திருந்தார். போதகர் செபித்து முடிய, பெட்டி ஏறியது. நதானியேல் வானின் பின்பக்கத்தோடு நடந்தார். ஷாமினி அவருக்குப் பின்னால். அதற்குப் பின்னால் பாடகர் குழு, ஊர்ச் சனம். முதல் கியரில் வான் படலை தாண்டி வீதியில் இறங்கியது. பெட்டிக்கு மேலே இருந்த மலர்வளையம் வைத்த இடத்திலேயே இருந்தது.

பாட்டுத் தொடங்கியது. முதலடி முடிய, குழுவினர் வழமைபோல நின்றார்கள். இந்த வானுக்குப் பின்னால் எத்தனையோ செத்தவீடு பாடி அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அடி முடிந்தால் வான் சோரும், சோர்ந்தால் நிற்க வேண்டும், பாய்ந்தால் அடுத்த அடி. இன்றைக்கு வான் சோரவில்லை. அவர்கள் நிற்க, அது போய்க்கொண்டிருந்தது. இரண்டாமடி முடிய இடைவெளி ஒரு மதகு நீளம். வயது போனவர்களால் எட்டி நடக்க முடியவில்லை. கொட்டகை முற்றத்திலும் ஒழுங்கையிலும் தனியே ஓட்டிப் பார்த்த நதானியேல், அதன் சீரான வேகம் அழுதுகொண்டு நடக்கிற சனத்தின் நடையைவிடக் கூடவாயிருக்கும் என்று ஒருபொழுதும் யோசித்திருக்கவில்லை.

யாகப்பு பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "தம்பி, சனம் பின்னுக்கு நிண்டிட்டுது. பிரேக்கிலை கால் வைக்கட்டோ?"

நதானியேல் எட்டி அவர் பக்கம் போனார். "கிளச்சையும் மிதிச்சுத்தான் நிப்பாட்டோணும் அண்ணை. நிக்கேக்கை ஒருக்காக் குலுங்கும், எடுக்கேக்கை இன்னொருக்காக் குலுங்கும்."

"அப்ப என்ன செய்ய?"

அவர் திரும்பிப் பார்த்தார். ஆல்ட்டோ பக்கத்தில் இரண்டு பெண்கள் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நடந்துவந்தார்கள். பாட்டு தூரத்தில் கேட்டது, ஆனால் வெட்டுப்படாமல் கேட்டது. வானுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு அவர்கள் தங்கள் பாட்டில் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"விடுங்கோ அண்ணை" என்றார். "போகட்டும்."

வான் போனது. அவர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை அதன் பின்கதவில் வைத்தபடி நடந்து பார்த்தார். கை வழுக்கியது. விரல் நுனிக்கும் கதவுக்கும் இடையில் முதலில் ஒரு சாண், பிறகு ஓர் ஆள் நீளம். வளைவில் திரும்பும்போது கண்ணாடிக்குள் பெட்டியும் வளையமும் கொஞ்சமும் அசையாமல் திரும்பின.

"கொஞ்சம் இருமன், வினி" என்றார் நதானியேல், பக்கத்தில் ஆருமில்லாத வீதியில்.