வட்டத்தில் தங்கிய செய்தி

குன்னூரில் ஒரு கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். அன்று காலை கரும்பலகையில் வட்டமும் கட்டமுமாக ஒரு வலை வரைந்துகொண்டிருந்தேன். வட்டம் என்றால் செய்தி தங்குகிற இடம். தானாக அது ஒன்றும் செய்யாது. கட்டம் என்றால் செய்கிற ஆள். வட்டத்திலிருந்து நேராக இன்னொரு வட்டத்துக்குக் கோடு போட முடியாது, நடுவில் கட்டம் வேண்டும். "எடுத்துட்டுப் போக ஆள் இல்லேன்னா செய்தி அங்கேயே கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது.

ஊரில் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிற எஸ்டேட்டின் வாட்ஸ்அப் குழு. 'கோயில் மலையில் காட்டெருமை. யாரும் போக வேண்டாம்.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். வைத்தவர்களில் ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், இன்னொருவன் கோவையில் ஆட்டோ ஓட்டுகிறான். மழையில் நனையுமென்று பறிக்கிற பெண்கள் மலைக்குப் போன் கொண்டுபோவதில்லை. அதனால் குழுவுக்கு எல்லோரும் பிள்ளைகளின் நம்பரையே கொடுத்திருந்தார்கள். காலையில் அம்மா போனதும் கோயில் மலைக்குத்தான்.

சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. செய்தி போட்ட ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, மலைக்கு ஆள் அனுப்பிச் சொன்னீங்களா?"

"குரூப்ல போட்டாச்சுங்க. எல்லாரும் பாத்துட்டாங்களே."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "பாத்தது நானுங்க. நான் குன்னூர்ல இருக்கேன். எங்கம்மா அங்க நிக்குது. ஃபேக்டரிச் சங்கை ஊதச் சொல்லுங்க."

"சாப்பாட்டு நேரம் ஆகலீங்களே. எல்லாரும் எறங்கி வந்துருவாங்க."

"வரட்டுங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

நல்ல மனிதர். போனை வைக்காமலே ஓடினார். சங்கு ஊதியது போன் வழியாக எனக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசரே கூப்பிட்டார். நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதியதும் பெண்கள் இறங்கிவிட்டார்களாம். வழியில் காட்டெருமை மேட்டில் நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். "உங்கம்மா மட்டும் இன்னும் வரலீங்க" என்றார். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டது.

ஒருவழியாக அம்மா இறங்கி வந்து அவர் போனில் பேசியபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாதி வழி வந்தவள் திரும்ப மேலே ஏறிப் போயிருக்கிறாள். கடைசி நிரையில் காது கேளாத ஒருத்தி இன்னும் பறித்துக்கொண்டிருந்தாளாம்.

"மாடு நிக்கிறது தெரிஞ்சும் ஏம்மா போன?" என்று கத்தினேன்.

"சங்கு அவளுக்குக் கேக்காதே புள்ள" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "வேற யாரு போயி சொல்றது?"