சுவர் தெரியாத வீடு

பிளான் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அடையாளம் தெரியும். கட்டிட ஒப்பந்தக்காரர்களுக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவள். ஊரார் வீட்டுக்கெல்லாம் வாசல் வைத்தவள், மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக் காலம் தள்ளினாள். கணவர் வயரிங் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போய்க் கட்டிலோடு கிடந்தார்.

அவருக்காக ஒரு வீடு வரைந்தாள். கட்டப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் வாசலிலிருந்து பின்கட்டு வரை உள்ளே நடந்துபோவதுபோல் லேப்டாப் திரையில் அவருக்குக் காட்டிவிட வேண்டும். கண்ணில் பார்வை இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். டாக்டர் நாள் கணக்குதான் சொல்லியிருந்தார்.

லேப்டாப் பழசு. வீட்டைத் திருப்பினால் திக்கித் திக்கித்தான் திரும்பும். வரைகிற மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, இன்னும் வேகமாக ஓடும் என்று திரையில் அறிவிப்பு வந்ததும் ஆசைப்பட்டு அமுக்கிவிட்டாள். புதுப் பதிப்பு வீட்டைத் தன் பாணிக்கு மாற்றிச் சேமித்துக்கொண்டது. பிறகு பார்த்தால் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. சாம்பல் நிறத் திரையில் வெறும் கோடுகள்.

கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த மெக்கானிக் லேப்டாப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இதுல படம் காட்டுற சிப்பு போர்டோட ஒட்டிப் பொறந்தது. தனியா மாத்த முடியாது. புது சாஃப்ட்வேர் கேக்குற டிரைவர் புரோகிராமை இந்தச் சிப்புக்கு கம்பெனிக்காரன் விடவே இல்ல."

"பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டுடு தம்பி."

"போடலாம். புதுசுல சேவ் ஆன வீட்டைப் பழசு திறக்காதே! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்களே அக்கா."

ஒப்பந்தக்காரர் ஒருவர், தன் மருமகனின் புது லேப்டாப்பை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். அதுவரை அவள் மனம் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திரையைத் திறந்தாள்.

"என்னங்க, கோடுதான் தெரியுது. வெள்ளிக்கிழமை சுவரோட காட்டுறேன்."

"பிளானைப் பாத்து வயர் இழுத்தவனுக்குக் கோடு போதாதா? திருப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சுவர் இல்லாட்டியும் நல்லதுதான். காத்து வரும். எனக்கு அதுதானே பத்தல."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக்குள் கூட்டிப்போனாள். அவர் விரலைத் தூக்கினார்.

"கதவுக்குப் பின்னால ஸ்விட்ச் வெச்சிருக்கியே, எந்த மடையன் வேலை இது? இருட்டுல கதவைச் சாத்திட்டுத் தடவணுமா?"

"என் வேலைதான்."

"அப்போ சரி. மடையனை வாபஸ் வாங்கிக்கிறேன். ஸ்விட்சை இந்தப் பக்கம் மாத்து."

மாற்றினாள். சமையலறை வாசலுக்கு வந்ததும் அவருக்கு இமை சொருகியது. "மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்" என்றார். மறுநாள் விடிந்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

சொன்ன சொல் தவறாமல் வெள்ளிக்கிழமை லேப்டாப் வந்தது. பல நாள் அதை அவள் தொடவே இல்லை. ஒரு மதியம், திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், வீட்டை அதில் ஏற்றித் திறந்தாள். சுவர்கள் எழும்பி நின்றன. இளமஞ்சள் பூச்சு. கூடத்துத் தரையில் வெயில் விழுந்து கிடந்தது. திக்கல் இல்லாமல், வழுக்கிக்கொண்டு போவதுபோல் நடக்க முடிந்தது. படுக்கையறையைக் கடந்து சமையலறை வாசலில் நின்றாள்.

அவர் அதுவரைதான் வந்திருந்தார். அவளும் அதற்குமேல் போகவில்லை.