கூடையோடு ஓடிய சரோஜா அக்கா

போன வியாழக்கிழமை காளவாசல் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ் நடத்துநர் பாண்டி பக்கத்தில் வந்து நின்றார். "யக்கா, சேதி தெரியுமா? நம்ம கூடைக்கார அக்கா போயிருச்சுக்கா. முக்குல போஸ்டர் ஒட்டியிருக்காக" என்றார். போய்ப் பார்த்தேன். சரோஜா அக்காதான். படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். நம் காப்பீட்டு அலுவலகத்தின் தபால் பிரிவில் அத்தனை வருடம் இருந்தவர் அப்படி முறைத்து நாம் யாரும் பார்த்ததில்லை. கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீடு சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அவருக்குக் கூடைக்கார அக்கா என்று ஒரு பெயர் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு முதியோர் இல்லத்துக்கு நிதி சேர்க்க ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று சுற்றறிக்கை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அலுவலகத்துக்கு இரண்டு பேர் ஓட வேண்டும். அன்று மத்தியானமே நம் ஆண்கள் எல்லோருக்கும் மூட்டுவலி வந்துவிட்டது. அக்கா கையைத் தூக்கினார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. "நடந்து வந்தாலும் சர்டிஃபிகேட் உண்டும்மா" என்று மேலாளர் சிரித்தார். அக்காவுக்குச் சுருக்கென்றது. "நடக்கிறதுக்கு அங்க எதுக்கு சார் வரணும்? தெனமும்தான் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, துணைக்கு என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் சண்டைக்குப் போனேன். அக்கா ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். "பன்னெண்டு வயசுல, பெரியவளாயிட்ட, இனிமே ஓடாதேன்னாங்க. நின்னுட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தர்கூட ஓடுன்னு சொல்லலடி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நடக்காம முழுசா ஓடிப் பாத்துரணும்." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டேன்.

ஓடிப் பழக இடம் இருந்தது, பைபாஸ் சாலை. சொல்லக் காரணம்தான் இல்லை. சேலை கட்டிய இரண்டு பெண்கள் காலங்காத்தாலே சும்மா ஓடினால் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். அக்கா யோசனை சொன்னார். சாப்பாட்டுக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். "வெறுங்கூடை ஆடும், கண்டுபிடிச்சிருவாங்க" என்று டிபன் பாக்ஸில் நிஜமாகவே தயிர்ச்சாதம் அடைத்துக்கொண்டு வந்தார்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. மதுரைக்காரர்கள் இரக்கக்காரர்கள். "பைய வாங்கக்கா, வண்டி நிக்கிது!" என்று பாண்டி விசிலடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். உள்ளே இருந்தவர்கள் வேறு கையை நீட்டினார்கள். ஏறாமல் இருக்க முடியுமா? ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மறுபடி ஓடினோம். பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. முதல் வாரம் நாங்கள் ஓடிய தூரத்தைவிட பஸ்ஸில் போன தூரம்தான் அதிகம். அக்கா மூச்சிரைக்க, தன் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் பாண்டியின் ஓட்டுநரை வைவார். மூன்றாம் நாள் ஓட்டுநர் அதே பேச்சில் நிதானமாகப் பதில் சொன்னார். அக்கா அன்று முழுக்கத் தலையை நிமிர்த்தவில்லை. மறுநாள் எதிர்த்திசையில் ஓடிப் பார்த்தோம். "பஸ்ஸு அங்கிட்டுப் போகுது, நீங்க இங்கிட்டு ஓடுறீகளேக்கா!" என்று பாண்டி கத்தினார்.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காளவாசலில் கிளம்பி, பைபாஸ் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். அக்கா கூடையோடு வந்து நின்றார். "இன்னைக்கு எந்த ஆபீஸுக்கா?" என்றேன். "கூடை இல்லேன்னா கால் எந்திரிக்க மாட்டேங்குதுடி" என்றார். மேலாளர் கூடையைப் பார்த்து, "என்னம்மா, பிக்னிக்கா?" என்றார்.

திரும்பும் வழியில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் நடந்துவிட்டேன். முன்னால் அக்காவைக் கூடை ஒரு பக்கமாக இழுத்தது. கால்கள் பின்னின. இன்னும் பத்தடியில் அவரும் நடந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்து பாண்டியின் பஸ் பக்கத்தில் வந்து மெதுவானது.

"யக்கா, இன்னைக்கு லீவுக்கா! எதுக்கு இம்புட்டு ஓட்டம்? ஏறுங்க!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா ஓடிக்கொண்டே கூடையைக் கழற்றிப் பாண்டியின் கையில் கொடுத்தார். "இத மட்டும் காளவாசல்ல எறக்கி வச்சுரு தம்பி. நான் ஓடத்தான் வந்தேன்."

பஸ் போய்விட்டது. அக்கா வெறுங்கையை வீசிக்கொண்டு ஓடினார். கடைசிக்கு முந்திய ஆளாகத்தான் முடித்தார். கடைசி ஆள் நான். ஆனால் ஓர் அடிகூட அவர் நடக்கவில்லை. பாண்டி இறக்கிவிட்டுப் போயிருந்த கூடையைத் திறந்து, டிபன் பாக்ஸை மேலாளரிடம் நீட்டினார். "பிக்னிக்தான் சார், சாப்பிடுங்க." மேலாளர் தயிர்ச்சாதத்தை வழித்துச் சாப்பிட்டார்.

அதன் பிறகு அக்கா கூடையில்லாமலே ஓடினார். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. இத்தனை வருடமும் பால் வாங்கப் போகிறவளைப் போலத் தூக்குவாளியோடுதான் ஓடினேன். "பால் பாக்கெட்டுதான் வாசலுக்கே வருதே, யாரை ஏமாத்துற?" என்பார்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் அந்தக் கூடையை என்னிடம் கொடுத்தாள். அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தூக்குவாளியையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். நேற்று விடிந்ததும் பைபாஸ் சாலையில் வெறுங்கையோடு ஓடிய எனக்காக ஒரு பஸ் நின்றது. யாரோ புது நடத்துநர். "ஓடி வாங்கம்மா, ஏறுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்.

"நீங்க போங்க தம்பி. நான் ஓடத்தான் வந்தேன்."