அக்காவுக்குக் கொடுத்த இடது கை

அக்காவைப் பார்த்து நான் வயிறெரிந்த அளவுக்கு எங்கள் தெருவில் யாரும் யாரையும் பார்த்து எரிந்திருக்க மாட்டார்கள். அவளுக்கு வந்திருப்பது உயிருக்கே ஆபத்தான வியாதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் எரிந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்குப் பதினான்கு.

அவள் எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. அடிக்கடி சென்னைக்குப் போய் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக்கொண்டு வருவாள். ‘இப்படியே ஓட்ட முடியாது, கூடப் பிறந்தவர்களின் ஸ்டெம் செல் பொருந்தினால் எடுத்து ஏற்றலாம், இல்லாவிட்டால் கஷ்டம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். சோதித்துப் பார்த்தார்கள், பொருந்திவிட்டது. நூற்றுக்கு நூறு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் வாங்காத மார்க்கு அது.

அன்றைக்கு எனக்கு ஆரத்தி எடுக்காததுதான் குறை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எல்லாம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பழையபடி எல்லாரும் மாடிக்குப் போய்விட்டார்கள். கீழே தறி ஓடுகிற இடத்தில் தூசி ஆகாது என்று அக்காவுக்கு மாடி அறையைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். புது மெத்தை, புதுப் போர்வை, பெரிய பெட்டி கலர் பென்சில். எனக்குக் கிடைத்தது தடை உத்தரவு மட்டும்: சளி பிடித்தால் சிகிச்சை கெட்டுவிடும் என்று குச்சி ஐஸ் கூடாது, மழையில் போகக் கூடாது. கொடுக்கப் போவது நான், கொண்டாட்டம் அவளுக்கு. இது என்ன நியாயம்?

போதாததற்கு, அவளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லி அனுப்பியதை அப்பா சட்டமாகவே ஆக்கிவிட்டார்.

“மேல போறவங்க சிரிச்ச மூஞ்சியோட போங்கபா. அழறதா இருந்தா இங்கயே தறிகிட்ட நின்னு அழுதுட்டு அப்புறமா ஏறுங்க.”

அம்மாவின் தம்பி, பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்த என் மாமா, தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். மாஸ்க் போட்டுக்கொண்டு மாடி வாசலில் நின்று, கல்யாணப் புடவை எடுக்க வருகிற கூட்டத்தை நடித்துக் காட்டுவார். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, “கலர் கொஞ்சம் டல்லா இருக்குதே” என்று எழுந்து போகும் பெண்ணின் அத்தை, டீ வந்த பிறகே வாயைத் திறக்கும் மாப்பிள்ளையின் அப்பா, எல்லாரும் அவருக்குள் இருந்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் படியில் நின்று எட்டிப் பார்ப்பேன். அதே மாமாவிடம் எனக்காக ஒருமுறை செய்யுங்கள் என்று கெஞ்சினால், “உனுக்கு என்னாடி கேடு, போய் படி” என்பார்.

ஆஸ்பத்திரியில் சேர ஒரு வாரம் இருக்கும்போது, வரதராஜப் பெருமாள் கோயில் பல்லியைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள். நாங்கள் சைவம். ஆனால் பல்லி விஷயத்தில் காஞ்சிபுரத்தில் யாரும் பேதம் பார்ப்பதில்லை. கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் நோய் நொடி அண்டாது. போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு, தொட்டுவிட்டு வந்தவரைத் தொட்டால் போதும். அக்கா கூட்டத்துக்குள் போகக் கூடாது. ஆகவே என்னை அனுப்பினார்கள்.

“வலது கையால தொடு. நேரா வந்து அக்கா கைய புடி,” என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரிக் கட்டளைப்படி, மாடி அறைக்குள் நுழைகிற கையைச் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். கழுவினால் பல்லி போய்விடாதா என்று அம்மாவுக்குப் பெரிய குழப்பம். “தங்கம் கழுவினா போவாதுக்கா” என்று மாமாதான் தீர்ப்புச் சொன்னார்.

மாமாவின் வண்டியில் போனேன். வரிசையில் நின்று, படியேறி, கையை நீட்டித் தொட்டேன். எத்தனையோ பேர் தொட்டுத் தொட்டு வழவழவென்றிருந்தது. அக்காவுக்காக வேண்டிக்கொள்ளத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் கீழே இறங்கியதும் அந்த வலது கையை என் தலையில் மூன்று முறை தேய்த்துக்கொண்டேன். எனக்கும் ஏதாவது வியாதி கொடு சாமி, பெரிதாக வேண்டாம், மாமா வந்து நடித்துக் காட்டுகிற அளவுக்கு இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். நோயைத் தீர்க்கிற பல்லியிடம் போய் நோயைக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து, இரண்டு கையையும் கழுவிக்கொண்டு, அக்காவிடம் இடது கையை நீட்டினேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்காவுக்கு ஜுரம். கார் வைத்துச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜுரம் அடங்கினால்தான் சிகிச்சை, தேதி தள்ளிப் போகிறது, அதுவரை அவள் தாங்க வேண்டும் என்று ராத்திரி வீடு திரும்பிய அப்பா போனில் யாரிடமோ சொன்னார். சொல்லிவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். என் கைதான் அவளைக் கொல்கிறது என்று நினைத்தேன். பயத்தில் எனக்கே ஜுரம் வந்துவிடும் போலிருந்தது, அதை நினைத்து இன்னும் பயந்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா திரும்பி வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அடுத்த தேதி குறித்தாகிவிட்டது. நான் மாஸ்க் போட்டுக்கொண்டு மாடி வாசலில் போய் நின்றேன்.

“ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?”

“எழுந்து வந்து அடிக்கிற தெம்பு எங்க இருக்குது? சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன், வியாதி கேட்டது உட்பட. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“லூசாடி நீ? உனுக்கு என்னைப் பார்த்து பொறாமையா? எனுக்குதான்டி உன்னைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்குது. கணக்குல ஃபெயிலாயிட்டு வந்து கீழ ஓன்னு அழுவற. அம்மா திட்டுது. எல்லாம் மேல படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருக்கேன். நான் தும்மினாக்கூட மாமா ஜோக்கு சொல்ல வந்துடுது. சிரிச்சு சிரிச்சு தாடையே வலிக்குது. நான் சிரிக்கலனா அம்மா மூஞ்சி எப்படி ஆயிடுதுனு பார்த்திருக்கியா நீ?”

இப்போது கேட்டால், அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்று அக்கா சாதிக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: அக்காவுக்கு என்னைப் பார்த்து வயிற்றெரிச்சல்! பத்து நாள் பயமும் பறந்துபோயிற்று. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன். அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அக்காவுக்கு என்னைப் பார்த்து பொறாமையாம்! சிரிச்சு தாடை வலிக்குதாம். நீ மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிப்பேன்னுதான் சிரிக்குதாம்!”

ராட்டை நின்றது. அம்மா எழுந்து படியேறினாள். அவள் முகம் சிரித்த முகமாக இல்லை. அப்பாவின் சட்டத்தை மீறி அப்படியே மேலே போனாள்.

அக்காவுக்கு இன்றைக்குச் செம திட்டு விழப் போகிறது என்று எனக்கு ஒரே குஷி. கீழ்ப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். திட்டுகிற சத்தம் வரவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுகிற சத்தம்தான் வந்தது, ரொம்ப நேரம் வந்தது. அதில்கூட என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.