முறத்தில் காய்ந்த தோட்டாக்கள்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு மல்லேஸ்வரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் கன்மேன் வேலை பார்த்தார். துப்பாக்கி அவருடையது, லைசென்சும் அவருடையது. சொந்தத் துப்பாக்கி இருந்ததால்தான் அந்த வேலையே கிடைத்தது. நாங்கள் ஜீவனஹள்ளியில் ஒரு காம்பவுண்டுக்குள் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரும் கன்மேன்தான், ஒரு பேங்கில். இரண்டு வீட்டுக்கும் ஒரே மொட்டைமாடி.

மழைக்காலம் முடிந்ததும் தோட்டாக்களை முறத்தில் கொட்டி வெயில் காட்டுவது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். அந்தத் தோட்டாக்களுக்கு மேல்கூடு காகிதம். ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும், துப்பாக்கிக் குழலுக்குள் போகாது. ஒரு முறத்தில் மிளகாய் காயும், ஒரு முறத்தில் தோட்டா காயும். காக்காய் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறது என்று நான் குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் கூரை ஒழுகி, தோட்டா வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் போய்விட்டது. எத்தனை நாள் வெயில் காட்டியும் பிரயோஜனம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் குழலில் இறங்கியது. அதுவும் வெடிக்குமா என்பது சந்தேகம். நகைக்கடை சேட்டு இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தீபாவளிக்குக் கூட்டம் வரும். அதுக்குள்ள புது தோட்டா வாங்கிப் போடு. இல்லேன்னா செக்யூரிட்டி ஏஜென்சி ஆள் வந்து நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசலை விட்டால் வேறு வாசல் கிடையாது.

அதே நேரத்தில் எலெக்‌ஷன் பேச்சு வந்தது. எலெக்‌ஷன் முடியும்வரை தோட்டா விற்கக் கூடாதாம், முடிந்த பிறகும் பாதிதான் தருவார்களாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கடைக்காரனே கிளப்பியிருப்பான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

துப்பாக்கிக் கடை கன்டோன்மென்ட் பக்கம் இருந்தது. வீட்டுக்காரர் டியூட்டியை விட்டு வந்து நிற்க முடியாது என்பதால் இடம் பிடிக்க நான் போனேன். என் முறை நெருங்கும்போது அவர் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வருவதாக ஏற்பாடு. எனக்கு அந்நிய ஆண்கள் நடுவில் நிற்கவே கூசும். முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக நின்றேன். முன்னால் நின்றவர் ஒரு காப்பித் தோட்ட முதலாளியின் டிரைவர். முதலாளி காருக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அய்யா கடைசியா சுட்டது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி" என்று டிரைவர் பின்னால் திரும்பிச் சொன்னார். "இப்ப லைசென்ஸ்ல வருஷத்துக்கு உண்டான தோட்டாவை மொத்தமா எடுக்கணுமாம்."

"தோட்டத்துல காட்டுப்பன்னி தொந்தரவோ?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"பன்னி வந்தா மொதல்ல ஓடுறதே அய்யாதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. சிரித்த கிழவரும் தான் சுட்டு வருஷக்கணக்காகிறது என்றார். துப்பாக்கி பரண் மேல் கிடக்கிறதாம். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று யாரோ கேட்டார்கள். "எல்லாரும் வாங்குறாங்களே, நாளைக்கு இல்லேன்னா?" என்றார்.

மத்தியானத்துக்குள் ஷட்டரைப் பாதி இறக்கி ஓர் இங்கிலீஷ் போர்டை மாட்டினார்கள். நான் நாலாவது படித்தவள், அதுவும் தமிழில். டிரைவரிடம் கேட்டேன்.

"ஸ்டாக் இல்லையாம்மா" என்றார்.

அவர் அய்யா மட்டும் உள்ளே போய்விட்டு வந்திருந்தார். அதனால் அந்த ஆள் சரியாகப் படித்துத்தான் சொன்னாரா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தேன். கடையின் பின்வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. இரண்டு பேர் ஓர் அட்டைப்பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கி டிக்கியில் வைத்தார்கள். என்னைப் பார்த்ததும் டிக்கியைச் சட்டென்று மூடினார்கள்.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவள், நல்ல வாயாடி.

"எங்களுக்கும் இல்லேன்னுட்டாங்க அக்கா. என்ன அநியாயம் பாருங்க" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். ஓரத்தில் அவள் முறம் இருந்தது, மேலே பழைய வேட்டி மூடியிருந்தது. வடகம் என்று நினைத்துத்தான் தூக்கிப் பார்த்தேன். முறம் நிறையச் சிவப்புச் சிவப்பாகப் புதுத் தோட்டா. காகிதக் கூடு இல்லை, பிளாஸ்டிக். அதற்கு வெயிலே வேண்டாம். பிரிக்காத டப்பாவோடு பெட்டிக்குள் வைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவள் படியேறி வந்துவிட்டாள். வேட்டி என் கையில் இருந்தது.

"அது... உங்க தம்பி கொண்டாந்தாரு அக்கா" என்று தன் வீட்டுக்காரரைச் சொன்னாள்.

"நேத்து இல்லேன்னியே."

"வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்க முடியுமா? உங்களுக்குக் கிடைச்சிருந்தா நீங்க மட்டும் மாடியில நின்னு கூவியிருப்பீங்களோ?"

நான் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டேன்.

"பிளாஸ்டிக்க எதுக்குடி வெயில்ல வச்ச?"

"வருஷா வருஷம் வைக்கிறோமில்ல, அதான் வச்சேன்" என்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயில் அவள் குடம் இருந்தால் நான் போக மாட்டேன். என் வீட்டுக்காரர் அந்த ஒற்றைத் தோட்டாவோடு வாசலில் நின்றார். அதை விட்டால் துப்பாக்கி காலி என்பது யார் யாருக்குத் தெரியும் என்று எனக்குள்ளேயே விரல் மடக்குவேன். சேட்டுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அவள் வேறு யாரிடம் சொன்னாளோ. நகைக்கடைப் பக்கம் சும்மா நிற்கிறவனைப் பார்த்தால்கூட நோட்டம் பார்க்க வந்தவனோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நாளைக்குக் காலைல கடைக்கு வாங்க. நான் கொஞ்சம் தோட்டாவைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துடுறேன், அவங்க உங்க லைசென்ஸ்ல ஏத்திக் கொடுக்கட்டும். கையில கொடுத்தா ரெண்டு பேர் லைசென்சும் போயிடும்."

நானும் கூடப் போனேன். கடைக்காரர் முகம் சுளித்தார். பிறகு எழுத உட்கார்ந்தார்.

"எப்பவும் வர்ற சரக்குதாம்மா வந்துச்சு" என்றார் என்னைப் பார்த்து. "மாசக்கணக்குல போறது ரெண்டு நாள்ல போச்சு. இவரை மாதிரி நாலு பேர் திருப்பிக் கொடுத்தா என் அலமாரி நெறஞ்சிடும்."

"பின்னாடி கார்ல போச்சே?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அது காலி டப்பாம்மா."

காலி டப்பாவுக்கு இரண்டு பேர் மூச்சு வாங்குவார்களா? மேற்கொண்டு கேட்கவில்லை. காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம்.

அன்று சாயங்காலமே சேட்டு தோட்டாக்களை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். ஏஜென்சி ஆள் வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெயில்ல கிடந்தது. உள்ள மருந்து கெட்டிருக்குமோ?"

"ஒண்ணை வெடிச்சுப் பாருங்களேன்."

"வெடிச்சா ஒண்ணு போயிடுமே. அப்புறம் எங்க போய் வாங்குறது?"

கடைசிவரை வெடித்துப் பார்க்கவில்லை. வேலையை விடும்வரை அந்தச் சிவப்புத் தோட்டாக்களோடுதான் நின்றார்.

தீபாவளி கழிந்து ஒருநாள் குழாயடியில் அவளிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். எதற்காகத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். முறம் நிறையத் தோட்டா பார்த்ததை நான் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிடுவேன் என்று பயந்தார்களோ என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

"பாவம், அண்ணன் வெறும் துப்பாக்கியோட நிக்கிறாரேன்னுதான்" என்று சொல்லிக் குடத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.