இரண்டாம் நம்பர்க்காரனின் கழுத்து

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவுவது தபோதரன். வேலை போய் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, ஒவ்வொரு தட்டாகத் தேய்த்து, துடைத்து, அடுக்கி, "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போவார். அவர் கதிரையில் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகு மனைவி நேசமலர் அந்தத் தட்டுகளை எடுத்து மறுபடி கழுவுவாள். நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். விளிம்பில் மட்டும் மீன்குழம்பு மஞ்சளாய் வளையம் போட்டுக் காய்ந்திருக்கும். தண்ணீரை நூல் போல விட்டுக் கழுவுவாள், சத்தம் கேட்காமல்.

கண் அழுத்த நோய் அவருடைய இடது கண்ணை முழுதாகவும் வலது கண்ணின் ஓரங்களையும் கொண்டுபோயிருந்தது. நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது.

பிறகு மேசையைத் துடைத்து, லப்டொப்பைத் திறந்து, நாலு மணிக்குக் காத்திருப்பாள். குளிர்காலத்தில் ஜெர்மனியின் எசன் நகரத்தில் நாலு மணி என்றால் கானாவில் மூன்று. ஆட்டம் தொடங்கும் நேரம்.

நேசமலருக்குப் பந்தாட்டம் தெரியாது. இருபது வருடம் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கியவள். முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்ற பிறகு, கொலோனில் படிக்கும் மகள் யதுசா இணையத்தில் தேடி இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தாள். உலகத்தின் எந்த மூலையில் ஆட்டம் நடந்தாலும் அதன் புள்ளிவிபரங்களை எடுத்து விற்கும் நிறுவனம். பந்து யாரிடமிருந்து யாருக்குப் போனது, யார் இழந்தது, யார் பறித்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை; நல்லதுக்குப் பச்சைப் புள்ளி விழும், பிழைக்குச் சிவப்பு. ஒரு கழகத்தைத் தொடர்ந்து ஒரே ஆள் பார்த்தால் பிழை குறையும் என்பது அவர்கள் முறை. கானா முதல்தர லீக்கில் பச்சைச் சட்டைக் கழகம் அவள் பங்குக்கு வந்தது. ஒரு பருவத்துக்கு முப்பத்துநாலு ஆட்டம்.

ஓஃப்சைட் விதியைத் தபோதரன்தான் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் மேசையில் வைத்து மூன்று நாள் விளக்கினார்.

"விளங்கிச்சுதே?"

"மிளகாய்த்தூள் கொஞ்சம் முந்தி ஓடிட்டுது."

"அவ்வளவுதான். இனி நீர்தான் றெஃபரி."

ஒக்டோபரில் பருவம் தொடங்கியபோது அவளுக்கு முதலில் பழகிய முகம் இரண்டாம் நம்பர். பெயர்ப் பட்டியலில் அடோமாகோ, வயது இருபத்திரண்டு. வலது கரையோரம் காவல் நிற்பவன். விளையாட்டு தொடங்குமுன் குனிந்து புல்லைத் தொட்டு நெற்றியில் வைப்பான். அவன் பந்தை எடுத்தால் விசையை அழுத்தவே நேரம் இருக்காது, அவ்வளவு ஓட்டம். டிசம்பரில் நத்தார் வரைக்கும் அவனுக்கு நேரே அவள் அழுத்தியவை பெரும்பாலும் பச்சைப் புள்ளிகள்.

தையில் வடக்குப் புழுதிக்காற்று வந்து படம் முழுக்கத் தவிட்டு நிறமானது. ஹோட்டலில் அவளோடு வேலை செய்த பேர்பெச்சுவா கானாக்காரி. அந்தக் காற்றைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் முதல் ஆட்டத்தில் அவன் பந்தைத் தவறவிட்டபோது நேசமலர் புழுதியைத்தான் திட்டினாள். அடுத்த ஆட்டத்தில் இடப்பக்கமாக ஓடிவந்த சொந்தக் கழகத்தவனோடு நெஞ்சோடு நெஞ்சு மோதி விழுந்தான். மோதப்பட்டவன் எழும்பிக் கையை விரித்து ஏதோ கத்தினான். மூன்றாவது ஆட்டத்தில் நடுவிலிருந்து மெதுவாக உருண்டு வந்த பந்து, குழந்தைகூட நிறுத்தும் பந்து, அவனைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போனது. அவன் அசையவில்லை. சனம் சிரித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

பத்து விநாடி பின்னுக்குப் போய்ப் பார்க்க வேலையில் அனுமதி உண்டு. அவள் ஏழு தரம் போனாள். ஏழாவது தரம் பந்தைப் பார்க்கவில்லை, அவன் கழுத்தைப் பார்த்தாள். ஓடும்போது தலை முழுவதையும் இடப்பக்கம் திருப்பி, திரும்ப நேரே கொண்டுவந்து, மறுபடி திருப்பி, கோழி பார்ப்பதுபோல.

அந்தக் கழுத்தை அவளுக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முந்தி தபோதரன் இந்த வீட்டுப் படியில் அப்படித்தான் இறங்கினார். தேத்தண்ணியைக் கப்புக்கு வெளியே ஊற்றிவிட்டு கப்பில் பிழை சொன்னார். பண்டகசாலையில் பாரம் தூக்கும் ஸ்டாப்லர் வண்டி ஓட்டியவர். வேலைத்தலத்து வைத்தியர் சுவரில் காட்டிய எழுத்துகளெல்லாம் நேரே இருந்தபடியால் ஒவ்வொரு தரமும் வாசித்துத் தள்ளிவிட்டு வந்தார். யதுசாவுக்கு அது பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை வருடம். கேட்டால் மனுசன் கோபப்படும், களைப்பாக்கும், பிறகு கேட்பம் என்று நேசமலர் ஒரு வருடத்தை ஓட்டினாள். ஒரு நாள் வண்டி பெட்டிகள் அடுக்கிய இரும்புச் சட்டத்தில் மோதி, பெட்டிகள் சரிந்தன. ஒருவருக்கும் காயமில்லை. "ஒரு வருசம் முந்தி வந்திருந்தால் மிச்சம் பிடிச்சிருக்கலாம்" என்று கண் டொக்டர் சொன்னபோது அவள் கைப்பையின் சிப்பைத் திறந்து பூட்டிக்கொண்டிருந்தாள்.

திரையில் இரண்டாம் நம்பருக்கு நேரே அவள் அழுத்தவேண்டியது ஒரே விசை. பந்து இழப்பு. 'தெரியவில்லை' என்று ஒரு விசை இல்லை. அழுத்தினாள். சிவப்புப் புள்ளி விழுந்தது.

மறுநாள் கொலோன் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். அவளுடைய பிரிவைப் பார்ப்பவன் பாரத், கோயம்புத்தூர்ப் பிள்ளை.

"அக்கா, அவனுக்கு ஃபார்ம் போச்சு. அவ்வளவுதான்."

"இல்லைத் தம்பி, கண். இடது கண். கழுத்தைப் பாருங்கோ."

"சரிக்கா, கண்ணாவே இருக்கட்டும். நாம க்ளப்புக்கோ ப்ளேயருக்கோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. பெட்டிங் ப்ராப்ளம். நீங்க சைன் பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கா?"

"ஒரு பெடியன்ரை கண் போகுது."

"மேல ஒரு மெயில் போட்டுப் பாக்கறேங்க்கா. நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

நல்ல பிள்ளை. மெயில் போட்டான். தரவு சேகரிப்போர் மருத்துவக் கருத்துத் தெரிவிக்கக் கூடாது என்று ஒரு வரிப் பதில் வந்தது.

மாசி முடிய அவள் பேர்பெச்சுவாவிடம் போனாள். இருவரும் பேசுவது இலக்கணம் இல்லாத ஜெர்மன். அதில் அவர்கள் பேசாத விடயம் கிடையாது.

"நேசா, உனக்கு விசரே?" என்றாள் பேர்பெச்சுவா. "கழகத்துக்குச் சொன்னால் அடுத்த நாளே வேறை பெடியனை நிப்பாட்டுவாங்கள். வாசல்லை முப்பது பேர் சப்பாத்தோடை நிக்கிறாங்கள்."

"கழகத்துக்கு வேண்டாம். அவனுக்கு மட்டும்."

பேர்பெச்சுவாவின் தேவாலயத்தில் ஆயிரம் தொடர்பு. இரண்டு கிழமையில் அவனுடைய போன் நம்பர் வந்தது. ஆனால் நேசமலர் உடனே அனுப்பவில்லை. அன்றைய ஆட்டத்துக்குத் தபோதரனைப் பக்கத்தில் இருத்தினாள். அவர் திரையில் மூக்கு முட்டக் குனிந்து, தலையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உவன் என்னப்பா, என்னைப்போல திரும்புறான்," என்றார்.

"ஓம். சொல்லட்டே அவனுக்கு?"

"வேண்டாம். இன்னும் பதினொரு மட்ச் கிடக்கு. விளையாடி முடிக்கட்டும்."

"அதுக்கிடையிலை மிச்சமும் போனால்?"

"போனால் போகட்டும் எண்டு சொல்லேல்லை நான்." அவர் குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "வேலையும் போய்க் கண்ணும் போய் வீட்டிலை இருக்கிறது எப்பிடியெண்டு உமக்குத் தெரியாது, மலர்."

அதன் பிறகு நாலு ஆட்டம் அவள் ஒன்றும் அனுப்பாமல் விசை அழுத்தினாள். பச்சைச் சட்டைக் கழகம் பட்டியலில் கீழே கீழே வந்தது. கோல்கள் வலது கரையால் வந்தன. எதிர்க் கழகங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. எங்கே பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று யோசித்தபோது அவளுக்குத் தன் விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சித்திரையில் பேர்பெச்சுவாவின் சமையலறையில் இருவருமாகச் செய்தி எழுதினார்கள்.

"என்ரை போனிலை இருந்து அனுப்புவம். நான் ஒண்டும் கையெழுத்துப் போடேல்லை," என்றாள் பேர்பெச்சுவா.

தம்பி, உன் இடது கண்ணைக் கண் வைத்தியரிடம் காட்டு. போனது திரும்பாது, மிச்சத்தைப் பிடிக்கலாம். கழகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. செய்தி இவ்வளவுதான். அவன் வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பேர்பெச்சுவா வாழைக்காய் பொரித்தாள். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

உங்களை யார் அனுப்பினது?

"ஒருத்தரும் அனுப்பேல்லை எண்டு எழுது," என்றாள் நேசமலர். பேர்பெச்சுவா எழுதினாள். அது ஒற்றைக் கோட்டோடு நின்றது. அவன் நம்பரை அடைத்துவிட்டான்.

"மற்றக் கழகத்து ஆக்கள் பயமுறுத்துறாங்கள் எண்டு நினைச்சிருப்பான்," என்றாள் பேர்பெச்சுவா. "நானெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன்."

அடுத்த ஞாயிறு அவன் ஆடினான். புல்லைத் தொட்டு நெற்றியில் வைத்தான். முதல் கால் மணித்தியாலம் நேசமலருக்கு நெஞ்சுக்குள் ஒரு பூரிப்பு. தலை திரும்பவில்லை. கழுத்து நேரே நின்றது.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ. காட்டிப்போட்டான் போலை. மருந்து விட்டிருக்கிறான்."

தபோதரன் தேத்தண்ணிக் கப் கழுவிய ஈரக் கையோடு வந்து குனிந்தார். சவர்க்கார நுரை மேசையில் சொட்டியது. வெகுநேரம் பார்த்தார்.

"மருந்தாலை இது திரும்பாதெண்டு டொக்டர் சொன்னது மறந்து போச்சோ?" என்றார். "உவன் மறைக்கிறான்."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"கழுத்தை விறைப்பாப் பிடிச்சிருக்கிறான், பாரும். ஆரோ தன்னைக் கவனிக்கினம் எண்டு தெரிஞ்சால் அப்பிடித்தான். நானும் கடைசி மாதங்கள் பண்டகசாலையிலை தலையைத் திருப்பேல்லை. ஆக்கள் சத்தம் கேட்டால் வண்டியை மெதுவா எடுக்கிறது. அவ்வளவுதான்."

திரையில் நடுவிலிருந்து ஒரு பந்து இடப்பக்கமாக வந்தது. கழுத்து நேரே இருந்தது. பந்து போனது. நேசமலர் விசையை அழுத்தினாள்.

இரண்டாம் பாதியில் அவனை வெளியே எடுத்தார்கள். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தவனைக் கமரா இரண்டு விநாடி காட்டியது. அதற்குப் பிறகு பருவம் முடியும்வரை பெயர்ப் பட்டியலில் இரண்டாம் நம்பருக்கு வேறு பெயர். அவன் வைத்தியரிடம் போனானா, ஊருக்குப் போனானா, அவள் போட்ட சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துத்தான் எடுத்தார்களா, கேட்பதற்கு ஆள் இல்லை. பேர்பெச்சுவாவின் தேவாலயத்துக்கும் தெரியவில்லை. "புது ப்ளேயர் பேரை அப்டேட் பண்ணிடுங்கக்கா" என்று பாரத் எழுதியிருந்தான்.

ஆனியில் கடைசி ஆட்டம். பச்சைச் சட்டைக் கழகம் கீழ்த்தர லீக்குக்கு இறங்காமல் ஒரு புள்ளியில் தப்பியது. மைதானத்துக்குள் சனம் இறங்கி ஆடியது. நேசமலர் லப்டொப்பை மூடிவிட்டுத் தொட்டியடிக்குப் போய், தபோதரன் அன்று பிந்திக் கழுவி அடுக்கிய தட்டுகளில் மேலேயிருந்ததை எடுத்தாள். தண்ணீரை நூலாக விட்டாள்.

"வடிவாத் திறந்து விட்டுக் கழுவும்," என்றார் பின்னால் நின்ற தபோதரன். அவர் முன்னறைக்குப் போகவில்லை. "கண்தான் போனது. காது கிடக்கு."

அவள் திரும்பவில்லை.

"உவனிலை கண்டுபிடிக்க உமக்கு எத்தினை மட்ச் எடுத்தது?"

"மூண்டு."

"முன்பின் தெரியாத பெடியன். புழுதிக்குள்ளை, இந்தப் பேய்ப் படத்திலை. மூண்டு மட்ச்." அவர் துடைக்கும் துணியை மடித்து, மடித்ததை இன்னும் ஒருக்கால் மடித்தார். "என்னிலை எப்ப கண்டனீர், மலர்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்த மஞ்சள் எப்போதோ போய்விட்டது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தபோதரன் துணியை மேசையில் வைத்தார். மேசையில் என்று நினைத்தார்; அது ஓரத்தில் பட்டு நிலத்தில் விழுந்தது. அவர் அதை அறியாமல், இடது கையால் கதவு நிலையைத் தடவிப் பிடித்து, முன்னறைக்குப் போனார்.